மாத்திரை அட்டையை எடுத்து வாங்க

கரையான்சாவடியில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் என்றால் ஜனங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வண்டிதான். ஆவடி ரோடு திரும்பும் முனையில் லாரியும் ஷேர் ஆட்டோவும் டூவீலரும் நாள் முழுக்க நெரிகிற ஊர் இது. பூந்தமல்லி ஆர்.டி.ஓ.வுக்கு எஃப்.சி. காட்டப் போகிறவர்கள் வழியில் நிறுத்தி, “சார், தர்ட் பார்ட்டி மட்டும் போட்டுக் கொடுங்க” என்பார்கள். 1990-களின் தொடக்கத்தில் நானும் வண்டி, கடை, தீ விபத்து என்றுதான் ஆரம்பித்தேன். வெளிநாட்டுப் பயணத்துக்குப் பாலிசி கேட்டு ஒருவர் வருவது அபூர்வம். இன்றைக்கு என்னைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் அதற்காகத்தான் வருகிறார்கள்.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகள்தான் காரணம். ஆவடி டேங்க் ஃபேக்டரியிலும் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் வேலை பார்த்தவர்கள் வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளை இன்ஜினீயரிங் படிக்க வைத்தார்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிப்பு தொடங்கியதும் கொரியாவுக்குப் பயிற்சிக்குப் போகிற பையன்கள் நம் தெருக்களிலேயே இருந்தார்கள். பிறகு போரூர் பக்கம் ஐ.டி. கட்டடங்கள் எழுந்தன. ஆனால் பிள்ளைகள் போனதைவிட, அவர்களைப் பார்க்க அம்மா அப்பா கிளம்பியதுதான் என் தொழிலையே மாற்றியது. விமானம் ஏறுகிறவரின் வயது இருபத்தைந்திலிருந்து அறுபத்தைந்துக்குப் போய்விட்டது. அந்த வயதில் பயணத்தோடு சேர்ந்து சுகரும் பிரஷரும் விமானம் ஏறுகின்றன.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் ஓவர்சீஸ் மெடிக்கிளைம் என்று ஒன்றுதான் இருந்தது. 1984-ல் ஜெனரல் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் கொண்டுவந்தது. நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், யுனைடெட் இந்தியா என்ற நான்கு அரசு கம்பெனிகளில் எங்கே எடுத்தாலும் அதே பாலிசிதான். அமெரிக்கா, கனடா சேர்ந்த பிளான் ஒன்று. அவை இல்லாத பிளான் ஒன்று. வயதானவர்கள் அமெரிக்கா போவதென்றால் ஈ.சி.ஜி., வெறும் வயிற்று ரத்தச் சர்க்கரை, சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் எடுத்து, டாக்டர் கையெழுத்தோடு படிவத்தில் இணைக்க வேண்டும். ரிப்போர்ட் இல்லையென்றால் நோய்க்குக் கொடுக்கும் தொகையை வெட்டிவிடுவார்கள். ரிப்போர்ட்டுக்காக லேபுக்கும், பாலிசி டைப் ஆவதற்காகப் பிராஞ்ச் ஆபீசுக்கும் அலைந்த நாட்கள் அவை. அலைச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அலைச்சலில் ஒரு நல்லது இருந்தது. போகிறவரின் உடம்பில் என்ன இருக்கிறது என்பது விமானம் ஏறும் முன்பே காகிதத்தில் வந்துவிடும்.

2000-ல் தனியார் கம்பெனிகளுக்கு உரிமம் கிடைத்தது. நூறு மணி நேரப் பயிற்சியும் பரீட்சையும் ஏஜென்ட்டுகளுக்கு வந்தன. கம்பெனி பெருகப் பெருகப் பாலிசியும் பெருகியது, பிரீமியம் இறங்கியது, மருத்துவப் பரிசோதனை மெல்ல மறைந்தது. அதற்குப் பதிலாகப் படிவத்தில் ஒரு கேள்வி வந்தது: ஏற்கெனவே ஏதாவது நோய் உண்டா? இப்போது அந்தக் கேள்வியும் செல்போன் திரையில் ஒரு சின்னக் கட்டமாகிவிட்டது. டிக்கெட் போடும்போதே ‘இன்ஷூரன்ஸ் சேர்க்கவா’ என்று கேட்கும். பிள்ளை அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு அப்பாவுக்காக ‘இல்லை’ என்று டிக் அடிப்பான். அப்பாவுக்கு அப்படி ஒரு கேள்வி இருந்ததே தெரியாது.

என்னிடம் வருகிறவர்களை நான் நோயைப் பற்றிக் கேட்பதே இல்லை. கேட்டால் வரும் பதில் எனக்கு மனப்பாடம். “ஒண்ணும் இல்லீங்க சார், ஆண்டவன் புண்ணியத்துல நல்லாயிருக்கோம்.” பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பதினைந்து வருஷமாகக் கட்டுக்குள் இருக்கிற சுகரை யாரும் நோயாக நினைப்பதில்லை. அதனால் போனிலேயே சொல்லிவிடுவேன்: “வரும்போது மாத்திரை அட்டையை எல்லாம் எடுத்து வாங்க.”

டேங்க் ஃபேக்டரியில் ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மனைவியும் மகள் பிரசவத்துக்கு நியூஜெர்சி கிளம்பினார்கள். ஆறு மாதப் பயணம். அந்த அம்மா ஜவுளிக்கடை மஞ்சள் பையைத் திறந்து மாத்திரைகளை மேஜையில் அடுக்கினார். ரப்பர் பேண்ட் போட்ட கட்டு இரண்டு. அவருடையதில் தைராய்டுக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. கணவருடையதில் சுகருக்கு இரண்டு, பிரஷருக்கு ஒன்று, கொலஸ்ட்ராலுக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில் ரத்தத்தை இளக்கும் மாத்திரை. அந்தக் கடைசி அட்டையைக் கையில் எடுத்து, “ஸ்டென்ட் எப்போ வெச்சாங்க?” என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அது ஆச்சுங்க ஏழு வருஷம். இப்ப ஒரு தொந்தரவும் கிடையாது” என்றார் அவர். மகளிடம் சொல்லி ஆன்லைனில் மலிவாக ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். அதில் ஸ்டென்ட் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவருக்காக நான் தேடியது, ஏற்கெனவே உள்ள நோயால் உயிருக்கு ஆபத்து வந்தால் அந்த அவசரச் சிகிச்சைக்காவது பணம் தரும் பாலிசி. எல்லா பாலிசியிலும் அது கிடையாது. கிடைத்தாலும் மொத்தத் தொகைக்கும் கிடையாது, தனி உச்சவரம்பு வைத்திருப்பார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அறை வாடகை, ஐ.சி.யூ., சர்ஜன் கட்டணம் என்று தனித்தனியாகவும் வரம்பு போடுவார்கள். முகப்பில் இரண்டரை லட்சம் டாலர் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே நாலாம் பக்கத்தில் அறுவை சிகிச்சைக்கு இவ்வளவுதான் என்று பொடி எழுத்தில் இருக்கும். நான் முதலில் படிப்பது நாலாம் பக்கத்தை. வரம்பு இல்லாமல் ஐம்பதாயிரம் டாலர் கொடுக்கும் பாலிசியைவிட வரம்பு போட்ட ஒரு லட்சம் குறைவாகப் போகக்கூடும். அந்தத் தம்பதிக்குப் பிரீமியம் அவர்கள் நினைத்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. முகம் சுருங்கினாலும் கட்டினார்கள்.

நவம்பர் குளிரில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. மகள் ஆம்புலன்ஸை அழைத்த கையோடு எனக்கும் போன் போட்டாள். நான் சொன்னது ஒன்றுதான்: “கார்டுல இருக்கிற நம்பருக்கு உடனே போன் பண்ணும்மா. ரெஃபரன்ஸ் நம்பர் கொடுப்பாங்க, அதை ஆஸ்பத்திரி பில்லிங்ல சொல்லு.” அமெரிக்காவில் 1986-ல் வந்த சட்டப்படி, அவசரப் பிரிவுக்கு வருகிறவரைக் காசு இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, ஆபத்து நீங்கும்வரை பார்த்தாக வேண்டும். அதனால் சிகிச்சை தடைபடாது. பில் மட்டும் பின்னால் வீடு தேடி வரும். பாலிசி அதன் வரம்புவரை கொடுத்தது. மிச்சத்துக்கு மகள் ஆஸ்பத்திரியின் நிதி உதவிப் பிரிவில் மனுப் போட்டாள். லாப நோக்கில்லாத ஆஸ்பத்திரிகள் அங்கே அப்படி ஒரு ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும் என்பது வருமான வரிச் சட்டத்தின் நிபந்தனை. கேட்கிறவர்களுக்குத்தான் அது கிடைக்கும். பில் பெருமளவு குறைந்தது. அவர் பேத்தியைத் தூக்கிக்கொண்டு நின்ற போட்டோவை எனக்கு அனுப்பினார்.

அதே வருஷம் வேறொரு குடும்பம். நான் போட்ட பாலிசி இல்லை. மறுக்கப்பட்ட பிறகுதான் காகிதத்தோடு வந்தார்கள். அம்மாவுக்குக் காலில் புண், சீழ் பிடித்து அட்மிஷன். ஆன்லைனில் நோய் எதுவும் இல்லை என்று டிக் அடித்திருந்தார்கள். கம்பெனிக்கு உளவு சொல்ல ஆள் தேவைப்படவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோது மகனே வாயாரச் சொல்லியிருக்கிறான், அம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சுகர் என்று. அது அட்மிஷன் சீட்டில் ஏறி, டிஸ்சார்ஜ் சம்மரியில் முதல் வரியாக வந்து நின்றது. மகன் சொன்னது சரி. டாக்டரிடம் மறைக்கக் கூடாது. பாலிசியிலும் மறைத்திருக்கக் கூடாது என்பதுதான் என் வருத்தம். ஊரில் பத்து வருஷமாக மெடிக்கிளைம் கட்டுகிறோமே, அந்த சீனியாரிட்டி இதற்கு உதவாதா என்று கேட்டார்கள். உதவாது. உள்ளூர் மெடிக்கிளைமில் காத்திருப்புக் காலம் கழிந்தால் பழைய நோயும் பாலிசிக்குள் வரும். பயணப் பாலிசி ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாகப் பிறக்கிறது.

அமெரிக்காவுக்குப் போகிறவர்களைப் பற்றி இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன். அங்கே போன பிறகு பிள்ளைகள் வாங்கிக் கொடுக்கும் விசிட்டர் பாலிசிகளில் ‘ஃபிக்ஸட் பெனிஃபிட்’ என்று ஒரு வகை உண்டு. விலை மலிவு. ஒரு நாள் படுக்கைக்கு இவ்வளவு, ஒரு ஸ்கேனுக்கு இவ்வளவு என்று அட்டவணை போட்டிருப்பார்கள். ஆஸ்பத்திரி எவ்வளவு கேட்டாலும் அட்டவணைக்கு மேல் ஒரு டாலர் வராது. இரண்டாவது, இங்கிருந்து எடுக்கும் பாலிசியை இங்கிருந்து கிளம்பும் முன்பே எடுக்க வேண்டும். பேத்தியை விட்டுவர மனமில்லாமல் தங்குவதை நீட்டிக்கிறவர்கள், பாலிசி முடியும் தேதிக்கு முன்பே நீட்டிப்புக் கேட்க வேண்டும். முடிந்த மறுநாள் கேட்டால் கதவு சாத்தியாகிவிடும்.

ஐரோப்பாவுக்குக் கதை வேறு. 2004 முதல் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அது எல்லா ஷெங்கன் நாடுகளிலும், தங்கும் நாள் முழுவதும் செல்ல வேண்டும். நோயாளியையோ உடலையோ ஊர் கொண்டுவரும் செலவும் அதில் அடங்க வேண்டும். விசா மையத்தில் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பது இவ்வளவுதான். அதனால் நம் ஆட்களும் இவ்வளவுதான் பார்ப்பார்கள். “சார், விசாவுக்கு எது கம்மியோ அதைப் போடுங்க.” கூட்டாகப் பத்து நாள் சுற்றிப் பார்க்கப் போகும் நாற்பது வயதுக்காரருக்கு அது போதும் என்பேன். சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்கு விளையாடப் போகிற புதுமணத் தம்பதிக்குப் போதாது. பல பாலிசிகள் அந்த விளையாட்டையே விலக்கிவைத்திருக்கும். விசா அதிகாரி கேட்கும் தொகை விசாவுக்கான தொகை. உடைந்த கால் எலும்புக்கு அவர் பொறுப்பில்லை.

விசா கேட்காத நாடுகளுக்குத்தான் மக்கள் காப்பீடே எடுப்பதில்லை. அதில் எனக்கு மிகவும் கவலை தருவது நேபாளம். பூந்தமல்லி வைணவ ஆசாரியர் திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றியிருக்கும் பெரியவர்களுக்கு 108 திவ்ய தேசத்தில் விட்டுப்போன ஒன்றிரண்டைச் சேவித்துவிட வேண்டும் என்ற தவிப்பு உண்டு. விட்டுப்போவதில் முக்கியமானது நேபாளத்து முக்திநாத், திவ்ய தேசப் பட்டியலில் சாளக்கிராமம். சுமார் 3,800 மீட்டர் உயரம். கடல் மட்டத்தை ஒட்டியே வாழ்ந்த உடம்பு இரண்டே நாளில் அங்கே ஏறி நிற்கும். போகராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சிறிய விமானம். காற்று கிளம்புவதற்குள் காலையிலேயே பறந்தாக வேண்டும். 2022 மே 29 அன்று அந்தத் தடத்தில் தாரா ஏர் விமானம் மலையில் மோதி, நான்கு இந்தியர்கள் உட்பட 22 பேரும் இறந்தார்கள். ஜீப்பில் போனால் நாள் முழுக்க எலும்பு கழலும் பாதை.

ஒரு தடவை யாத்திரைக் குழு ஒன்றுக்காக டூர் ஏற்பாட்டாளரின் நோட்டீஸை வாங்கிப் பார்த்தேன். ‘இன்ஷூரன்ஸ் உள்பட’ என்று போட்டிருந்தது. பாலிசி நகலைக் கேட்டு வாங்கினேன். தனிநபர் விபத்துப் பாலிசி. விபத்தில் இறந்தால் ஒரு லட்ச ரூபாய், அவ்வளவே. எழுபது வயதுப் பெரியவருக்கு முக்திநாத்தில் வருவது மூச்சுத் திணறல். அது விபத்து ஆகாது. கையில் இருக்கும் உள்ளூர் மெடிக்கிளைமும் இந்திய எல்லையோடு நின்றுவிடும். நேபாளத்துக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை என்பதால் அது வெளிநாடு என்பதே பலருக்கு மறந்துபோகிறது. மலையிலிருந்து இறக்க ஹெலிகாப்டர் வேண்டுமென்றால் பணத்துக்கு யாராவது பொறுப்பேற்ற பிறகுதான் அது கிளம்பும். செலவு ஆயிரக்கணக்கான டாலரில்.

அந்தக் குழுவுக்காகக் கம்பெனிகளிடம் எழுத்தில் மூன்று கேள்வி கேட்டேன். உயர வரம்பு உண்டா? உயரத்தால் வரும் நோய் சேருமா? ஹெலிகாப்டருக்கு யாரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும்? மூன்றாவது கேள்வி ரொம்ப முக்கியம். 2018-ல் நேபாளத்தில் நல்லபடியாக நடக்கிறவர்களையும் ஹெலிகாப்டரில் ஏற்றி இன்ஷூரன்ஸ் பணம் கறந்த மோசடியை அந்நாட்டு அரசே விசாரித்தது. அதிலிருந்து, பாலிசிக் கார்டில் நம்பர் இருக்கும் உதவி நிறுவனத்துக்குச் சொல்லாமல் ஹெலிகாப்டர் ஏறினால் பணம் வராது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கம்பெனி தெளிவாகப் பதில் எழுதியது, அங்கேயே போட்டோம். குழுவில் ஒரு பாட்டிக்கு மூச்சு முட்டியது. கூட வந்தவர்கள் போன் போட்டு, அனுமதி வாங்கி, போகராவுக்கு இறக்கினார்கள். இறங்கியதுமே மூச்சு சீராகிவிட்டது. பாட்டி சேவித்துவிட்டுத்தான் இறங்கினார்.

உள்நாட்டு யாத்திரைக்கு மெடிக்கிளைமே பயணப் பாலிசி. சபரிமலை ஏற்றத்தில் மாரடைப்பு வந்தால் கைகொடுப்பது அதுதான். யாத்ரீகர்களுக்காகத் தேவஸ்தானங்களும் வாரியங்களும் செய்துவைக்கும் காப்பீடுகள் பெரும்பாலும் விபத்துக்கானவை. மாலை போட்டுக்கொண்டு வாடகை வண்டி பேசுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். டி போர்டு வண்டியாகப் பாருங்கள். தெரிந்தவர் கார், மலிவு என்று ஓன் போர்டில் வாடகை கொடுத்துப் போனால், அந்தக் காரின் பாலிசி வாடகை ஓட்டத்தை ஏற்காது. விபத்து நடந்த பிறகு பூந்தமல்லி கோர்ட்டில் கம்பெனி வக்கீல் எடுத்துவைக்கும் முதல் வாதமே அதுதான்.

ரயிலில் போகிறவர்களிடம் நான் கமிஷன் எதிர்பார்க்க வழியில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஐ.ஆர்.சி.டி.சி.யில் டிக்கெட் போடும்போது 2016 செப்டம்பரில் 92 காசுக்கு ஆரம்பித்த காப்பீடு இன்றும் ஒரு ரூபாய்க்குள்தான் இருக்கிறது. மரணத்துக்கு 10 லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 2 லட்சம். கவுன்ட்டர் டிக்கெட்டுக்குக் கிடையாது. 2023 ஜூன் 2 அன்று பாலசோர் அருகே கவிழ்ந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் சென்னைக்கு வந்துகொண்டிருந்த வண்டி. அதில் முன்பதிவில்லாப் பெட்டிகளில் நெருக்கியடித்து வந்தவர்களுக்கு இந்தக் காப்பீடு எடுக்கவே வழியில்லை. முன்பதிவு செய்து டிக் அடிக்கிறவர்களும் பாதி வேலைதான் செய்கிறார்கள். டிக்கெட் போட்டதும் நாமினி பெயரைப் பதியச் சொல்லிக் காப்பீட்டுக் கம்பெனியிடமிருந்து ஒரு மெசேஜ் வரும். விளம்பரம் என்று அழித்துவிடுகிறார்கள். அந்தப் பெயர் இல்லாமல் போனால் வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸில் நிற்பது அவர்கள் மனைவிமார்தான்.

திருமழிசை, வெள்ளவேடு பக்கத்திலிருந்து வெல்டர்களும் கொத்தனார்களும் வளைகுடாவுக்குப் போவார்கள். பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியகல்வுச் சோதனை தேவை என்று இருக்கும். அவர்களுக்கு 2003-ல் வந்த பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375, வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமானாலோ 10 லட்சம். இவ்வளவு குறைந்த காசுக்கு இவ்வளவு உபயோகமான பாலிசியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் ஏஜென்ட் ‘விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று அனுப்பினால் இந்தப் பாலிசிக்கான பாதையிலேயே பையன் போவதில்லை. 2024 ஜூனில் குவைத் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்தபோது இறந்தவர்களில் ஏழு பேர் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள். அந்த வாரம் வெள்ளவேட்டில் ஒரு தாய் மகனின் காகிதங்களைக் கொண்டுவந்து, “எம் புள்ளைக்கு இதுல எல்லாம் இருக்கா, பாருங்கண்ணே” என்று நீட்டினார். பாலிசி இருந்தது. அதன் நகலும் நம்பரும் அவரிடம் இல்லை, மகனோடு குவைத்தில் இருந்தன. போனில் அனுப்பச் சொல்லி, பிரின்ட் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வேலைக்குப் போகிறவனின் பாலிசி வீட்டில் இருக்க வேண்டும்.

மாணவர்கள் வருவது ஜூன், ஜூலையில். இவர்களிடம் நான் முதலில் கேட்பது எந்த நாடு, எந்தப் பல்கலைக்கழகம். பிரிட்டனுக்கு விசாக் கட்டணத்தோடு சுகாதாரக் கட்டணமும் கட்டிவிடுகிறார்கள், 2024 பிப்ரவரி முதல் மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுன். அரசு ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வார்கள். இங்கே பெரிய மருத்துவப் பாலிசி அவர்களுக்கு வீண். ஜெர்மனியில் முப்பது வயதுக்குள் இருக்கும் மாணவர் அங்கே உள்ள பொதுக் காப்பீட்டில் சேர்ந்தாக வேண்டும். போய்ச் சேர்ந்து பதிவு செய்யும்வரை உள்ள நாட்களுக்கு மட்டும் இங்கே எடுத்தால் போதும். ஆஸ்திரேலியாவுக்கு அந்நாட்டுக் காப்பீடு எடுத்தால்தான் விசாவே. அமெரிக்காவில்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகப் பாலிசி விலை அதிகம், நம்மூர்ப் பாலிசி குறைவு. ஆனால் நம்முடையதை ஏற்பார்களா என்பது அவர்களின் வெய்வர் (விலக்கு) படிவத்தில் இருக்கும் நிபந்தனைகளைப் பொறுத்தது. மனநலச் சிகிச்சை, விளையாட்டுக் காயம், பழைய நோய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருப்பார்கள். படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பாலிசி தேட வேண்டும். இங்கே கட்டி, அங்கே நிராகரிக்கப்பட்டு, இரண்டு முறை பணம் கட்டிய பெற்றோர் உண்டு. படிப்பு முடிந்து வேலை தேடும் மாதங்களில் பல்கலைக்கழகப் பாலிசி முடிந்துபோயிருக்கும். அந்த இடைவெளியை மாணவர்களே மறந்துவிடுகிறார்கள், நான் காலண்டரில் குறித்துவைத்துக் கூப்பிடுகிறேன்.

மாதம் ஒரு முறை பறக்கிற கம்பெனி ஊழியர்களுக்கு ஆண்டுப் பாலிசி லாபம். ஒரு பயணம் முப்பது அல்லது நாற்பத்தைந்து நாளுக்கு மேல் நீளக்கூடாது என்ற விதியைச் சொல்லிவிட்டால் அவர்களோடு வேலை முடிந்தது. தாய்லாந்து, பாலி போகிற இளைஞர்களிடம் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பீர்களா என்று நேராகவே கேட்பேன். எடுப்பார்கள். அந்த நாட்டில் செல்லும் லைசென்ஸ் இல்லாமலோ, குடித்துவிட்டோ ஓட்டி விழுந்தால் பாலிசி காகிதம்தான். பூந்தமல்லி ஆர்.டி.ஓ.விலேயே இன்டர்நேஷனல் பெர்மிட் வாங்கலாம், வாங்கச் சொல்வேன்.

பயணம் ரத்தாவது பற்றி ஜனங்களுக்கு உள்ள நம்பிக்கையைக் கலைப்பதுதான் கஷ்டமான வேலை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையமே நாட்கணக்கில் மூடிக் கிடந்தது. முகலிவாக்கத்தில் முதல் மாடி வரை தண்ணீர் நிற்க, “சார், டூருக்குக் கட்டின பணம் திரும்ப வருமா?” என்று போன் வந்துகொண்டே இருந்தது. மருத்துவத்துக்கு மட்டும் மலிவாக எடுத்தவர்களுக்கு வரவில்லை. பயண ரத்தும் சேர்த்து எடுத்தவர்களுக்கு வந்தது, அதுவும் விமானம் ரத்தானதற்கு ஏர்லைன் கொடுத்த கடிதம் இருந்தவர்களுக்கு. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது, அரசு விமானத்தை நிறுத்தும் முன்பே பயந்துபோய் டிக்கெட்டை ரத்து செய்தவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. பயம் எந்தப் பாலிசியிலும் காரணமாக எழுதப்பட்டிருக்காது. பெட்டி வந்து சேராவிட்டாலும் இதே கதைதான்: விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்குள் ஏர்லைன் கவுன்ட்டரில் புகார் எழுதி, அந்தச் சீட்டை வாங்க வேண்டும். வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் வந்து கேட்டால், பெட்டி எங்கே தொலைந்தது என்பதை நிரூபிக்க வழியில்லை.

எல்லாம் சரியாகச் செய்தும் மறுக்கப்பட்டவர்களும் உண்டு. காட்டுப்பாக்கத்தில் ஒரு பெரியவர். துபாயில் மகன் வீட்டில் குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை. எலும்புத் தேய்மானம் ஏற்கெனவே இருந்த நோய் என்று சொல்லி கம்பெனி மறுத்தது. கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினோம், அசைந்து கொடுக்கவில்லை. அதன் பிறகு தேனாம்பேட்டையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, கம்பெனி மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும். இப்போது 50 லட்சம் வரையிலான கோரிக்கையை அங்கே கேட்கலாம். நாங்கள் கொண்டுபோனவை அதிகமில்லை. பாலிசி எடுத்தபோது கொடுத்த படிவ நகல், கீழே விழுந்த அன்றே உதவி எண்ணுக்குப் பேசியதற்கான ரெஃபரன்ஸ், துபாய் ஆஸ்பத்திரி டாக்டர் வழுக்கி விழுந்ததால் முறிவு என்று எழுதிய குறிப்பு. விசாரணையில் அந்தப் பெரியவரே பேசினார். “ஐயா, தேய்மானம் இருந்தா நான் நடந்தா உடையணும், வழுக்கினா எல்லாருக்கும் உடையும்” என்றார். தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. தீர்ப்புக் கிடைத்த முப்பது நாளுக்குள் கம்பெனி கட்ட வேண்டும் என்பது விதி. அதற்குள்ளாகவே அவர் கணக்கில் பணம் ஏறிவிட்டது.